பதுங்குகுழியும் தகட்டுக் கூரையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வேய்ந்த கூடம் ஒன்றில் பணிபுரியும் தம் தந்தையைப் பற்றி என் மாணவர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். சித்திரை நண்பகலில் கூரையை அண்ணாந்து பார்த்தாலே முகம் காந்தும் என்பது அதில் ஒரு வரி. கட்டடம் எழுமுன்பே அதன் வெப்பத்தைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு என்பதை அறிந்திருந்தேன். அவை ஏன் இக்கூடங்களை எட்டவில்லை என்ற கேள்வியே அவற்றின் வரலாற்றைத் தேடவைத்தது.

இவ்வகைக் கணிப்பைச் சிலர் 'பாவனை' என்கிறார்கள். ஈழத்தமிழில் அச்சொல்லுக்குப் பயன்பாடு என்று பொருள். நம் பக்கத்தில் பொய்த்தோற்றம். இரண்டு பொருளும் இங்கே பொருந்துவது விந்தைதான்.

தொடக்கம் எதிர்பாராதது. 1960களில் அமெரிக்கா அணுகுண்டுக்கு அஞ்சிப் பதுங்குகுழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. குளிர்சாதனம் இல்லாத மூடிய அறையில் மக்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் வெப்பம் எவ்வளவு ஏறும்? அந்நாட்டுத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் தமாமி குசுடா இதைக் கணினியில் கணக்கிட்டார். அம்முயற்சியிலிருந்து என்.பி.எஸ்.எல்.டி. என்ற நிரல் வளர்ந்தது. சுவர், கூரை, தரை ஒவ்வொன்றும் வாங்கும் வெப்பத்தையும் விடும் வெப்பத்தையும் மணிக்கு மணி சமன்செய்து பார்ப்பது அதன் முறை. இது முக்கியமானது. தகட்டின் கீழ் நிற்பவரைச் சுடுவது காற்று மட்டுமன்று. காய்ந்த தகடு தலைமேல் வீசும் கதிர்வீச்சும்தான். காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கேள்வி மாறிவிட்டது. மனிதர் தாங்குவாரா என்பது போய், மின்கட்டணம் எவ்வளவு என்பது வந்தது. பிளாஸ்ட், டி.ஓ.ஈ.-2 ஆகியவை 1970களின் பிற்பகுதியில் பிறந்தன; இரண்டின் வாரிசாக 2001இல் எனர்ஜிபிளஸ் வெளியாயிற்று. யாரும் விலையின்றிப் பெறலாம். இந்தியாவில் 2007இல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, இத்தகைய கணிப்பையும் ஒரு வழியாக ஏற்றது. ஆனால் அதன் பார்வை வணிகக் கட்டடங்கள்மீது. குளிரூட்டாத ஆலைக்கூடத்தில் சேமிக்க மின்சாரம் ஏது?

சட்டம் முற்றிலும் வாளாவிருந்ததாகவும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெப்பநிலை இயன்றவரை தாழ்ந்திருக்கும்படி சுவரும் கூரையும் அமைய வேண்டும் என்றது. 'இயன்றவரை' என்ற அச்சொல்லுக்குள் எத்தனை கூடங்கள் ஒளிந்துகொண்டன!

இன்னொன்று. ஓராண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வானிலை எண்கள் இருந்தால்தான் மென்பொருள் இயங்கும். சென்னைக்கெனப் பரவலாகப் புழங்கும் கோப்பு மீனம்பாக்கத்து அளவீடுகளைச் சார்ந்தது. திருவள்ளூரின் உள்நாட்டு வெயிலுக்கும், பழவேற்காட்டு உப்புக்காற்று எட்டும் கும்மிடிப்பூண்டிக்கும் அதையேதான் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவள்ளூரில் என் பாட்டி வீட்டுக்கு மெட்ராஸ் ஒட்டுத்தளம். மர விட்டங்கள்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இடித்த கூரை. பகல்வெயில் உள்ளே இறங்க மாலையாகிவிடும். அதற்குள் நாங்கள் திண்ணைக்கு வந்திருப்போம். அந்தத் தாமதத்தையும் குசுடாவின் முறை எண்களில் காட்டும். மெல்லிய தகட்டில் அத்தாமதம் ஏறக்குறைய இல்லை.

மாணவரின் தந்தை கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்கிறாராம். அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறதாம்.