லயத்துக் கூரையின் தகரம்

கண்டி மன்னரின் அரண்மனைக் கூரையை வருணிக்கும் நூல்கள் நம்மிடம் உண்டு. அந்நகருக்குக் கிழக்கே, பல்லேகலவைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்தோரின் தலைக்கு மேலிருந்த கூரையைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

1837இல் இலங்கை வந்த றொபேட் பொய்ட் டைட்லர், அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த ஜமைக்காவில் கோப்பிச் செய்கையைக் கற்றவர். அதே 1837இல்தான் பிரான்சில் சோரெல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். நெளிதகட்டுக்கு இங்கிலாந்தில் பாமர் 1829லேயே உரிமம் பெற்றிருந்தார். 1869இல் கோப்பியை இலைத்துரு பற்றியது. 1870களில் டைட்லர் பல்லேகலவில் கொக்கோவை நட்டார். பயிருக்குத் துரு வந்ததும் துரைமார் பயிரை மாற்றினர். கூரைக்குத் துரு வந்தபோது தொழிலாளிக்கு மாற்ற என்ன இருந்தது?

முதல் லயங்கள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் உடையவை. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தபின் கனத்த பொருள்களை மலைநாட்டுக்கு ஏற்றுவது எளிதாயிற்று. காலப்போக்கில் லயக் கூரை தகரமாயிற்று. இதனைக் கருணை என்று எண்ணிவிடலாகாது. புல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், தகரத்துக்கு அச்செலவில்லை. வெயிலில் கொதிப்பதும் மழையில் பேச்சொலி கேளாதபடி முழங்குவதும் கணக்கேட்டில் ஏறாத செலவுகள்.

தகரத்தைக் காப்பது துத்தநாகப் பூச்சு. அது தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். தீர்ந்ததும் செந்துரு படரும். ஒழுகும் தகரத்தைக் கழற்றி மீண்டும் அறைவது சிறு வேலையன்று. ஆணி பள்ளத்தில் இறங்கினால் நீர் உள்ளே இறங்கும். நெளிவின் மேட்டிலேயே அறைய வேண்டும். பழைய ஆணித்துளைகளைத் தாரிட்டு அடைத்தல் வேண்டும். காற்றுக்கு அஞ்சி மேலே கல்லும் வைப்பர். யாவற்றினும் முக்கியமானது, ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் அடங்கும் என்பது. ஒரு தகரத்தின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறியிருப்பதால், பக்கத்துக் காம்பராவின் ஆணியையும் தளர்த்தாமல் தன் தகரத்தைக் கழற்ற இயலாது. அயலார் ஏணியைப் பிடிப்பார். அவர் வீட்டுச் சாமான்களும் அன்று நனையலாம். தொழிற்சங்கம் தோன்றுமுன்பே இக்கூட்டுறவை லயம் கற்பித்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மரவீடுகளின் வெளிச்சுவர்களில் அலுமினியத் தகடு பரவியது. அதைக் கழற்றிச் சுவரைச் செப்பனிட்டு மீண்டும் பூட்டுபவர் பெரும்பாலும் அவ்வீட்டின் உடைமையாளர். இங்கோ, கைக்காசில் புதுத் தகரம் வாங்கி அறைந்தாலும் காம்பரா தனதாவதில்லை. வேலை போனால் கூரையும் போகும். 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. அன்று கப்பலேறியவர் தம் கையால் அறைந்த தகரத்தை விட்டுச் சென்றார். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகம் கைமாறிய போதெல்லாம் லயத்துக் கூரை நிலத்தோடு சேர்ந்தே கைமாறியது. அதன்கீழ் உறங்கியவரிடம் எவரும் கேட்கவில்லை.

பல்லேகலவில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. 2009இல் திறந்த கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்களும் உண்டு. பெறாத குடும்பங்கள் அதனினும் பல. அவர்கள் அடுத்த மழைக்கு முன் பழைய ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, அதே தகரத்தில் மீண்டும் அறைகின்றனர்.