இரண்டாயிரம் பைட்டில் பிறந்த மொழி

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் தன் அட்டையில் ஒரு நீல நிறப் பெட்டியின் படத்தைப் போட்டது. பெயர் ஆல்டேர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் இருந்த 'மிட்ஸ்' என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு. பாகங்களாக வாங்கினால் 397 டாலர். கணினி என்றாலே பல்கலைக்கழகமும் வங்கியும் ராணுவமும் மட்டும் வைத்திருக்கும் பொருளாக இருந்த காலம் அது. சொந்தமாக ஒரு கணினி என்ற நினைப்பே பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மணியார்டர்கள் ஆல்புகர்க்கியில் குவிந்தன.

வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்னவோ திருகாணிகளும் சில்லுகளும் வெற்றுப் பலகைகளும்தான். எல்லாவற்றையும் ஈயம் உருக்கிப் பற்றவைத்து முடித்தாலும் விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேல் சிவப்பு விளக்குகள். நினைவகம் 256 பைட். தமிழ் எழுத்தை இன்று கணினியில் சேமிக்கும் முறைப்படி பார்த்தால், இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களே அதில் முழுதாக அடங்கா. எட்டுச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து ஒரு பைட்டை அமைக்க வேண்டும். இன்னொரு சுவிட்சைத் தட்டினால் அது நினைவகத்தில் போய் உட்காரும். பிறகு அடுத்த பைட். மின்சாரம் ஒரு கணம் நின்றால் அத்தனையும் போய்விடும்.

அப்படியும் அது முதல் தடவையிலேயே இயங்கிவிட்டால் அதிர்ஷ்டம். ஒரு கால் சரியாகப் பற்றாமல் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே ஈயம் ஒழுகிப் பாலம் போட்டிருக்கும். பலகைகளைச் செருகும் அடித்தட்டு நான்கு நான்கு செருகிகள் கொண்ட துண்டுகளாக வந்தது. ஒரு துண்டை அடுத்ததோடு இணைக்க நூறு கம்பிகளைக் கையால் பற்றவைக்க வேண்டும். நூறில் ஒன்று பிசகினாலும் பெட்டி ஊமை. இதைவிடப் பெரிய தலைவலி மிட்ஸ் விற்ற 4 கிலோபைட் நினைவகப் பலகை. அதில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கும். கசிந்துபோவதற்குள் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பின் நேரக் கணக்கு சரியாக அமையாததால், எழுதிய எண் ஒன்று, படிக்கும்போது வருவது வேறொன்று. அதனால் அன்றைய ஆர்வலர்கள் கற்ற முதல் நிரல்களில் ஒன்று நினைவகச் சோதனை: எல்லா இடத்திலும் ஒரு வடிவத்தை எழுது, திரும்பப் படி, மாறியிருந்தால் அந்த முகவரியைக் காட்டு. கோளாறு எந்தச் சில்லில் என்று முகவரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் பாதிப் பேர் பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் கார் கொட்டகையில் முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். ஃபிரெஞ்சும் ஃபிரெட் மூரும் சேர்ந்து தொடங்கிய 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' இப்படித்தான் பிறந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஸ்டீவ் டாம்பியர் தன் ஆல்டேரையும் ஒரு சிறு வானொலிப் பெட்டியையும் கொண்டுவந்தார். கணினி ஓடும்போது பக்கத்தில் இருந்த வானொலியில் இரைச்சல் கேட்பதைத் தற்செயலாகக் கவனித்தவர் அவர். எந்தக் கட்டளைச் சுழல் எந்தச் சுருதியைத் தருகிறது என்று கணக்கிட்டு, அந்த இரைச்சலையே பீட்டில்ஸ் பாட்டாக்கினார். சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழுப் பாட்டையும் ஏற்றியபின் யாரோ மின்கம்பியில் கால் இடற, எல்லாம் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து தட்டினார். பழுதாக இருக்க வேண்டியதைப் பாட்டாக மாற்றிய அந்த மாலையைத்தான் நான் வீட்டுக் கணினியின் உண்மையான திறப்பு விழாவாகக் கருதுகிறேன்.

ஆனாலும் சுவிட்சு தட்டிக் கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும்? மனிதர் தட்டச்சு செய்து பேசக்கூடிய ஒரு மொழி வேண்டும். அது ஏற்கனவே இருந்தது. டார்ட்மத் கல்லூரியின் கெமெனியும் கர்ட்ஸும் 1964-இல் மாணவர்களுக்காக உருவாக்கிய பேசிக். நம்மூரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கணினி படித்தவர்களுக்கு அதன் 10, 20, 30 என்ற வரி எண்கள் மறந்திருக்காது. பில் கேட்ஸும் பால் ஆலனும், எண் கணக்குப் பகுதிக்கு மான்டி டேவிடாஃபும் சேர்ந்து, ஆல்டேருக்கு ஒரு பேசிக் எழுதினார்கள். தசம எண் கணக்கோடு 4 கிலோபைட்டில் இயங்கும் அது உண்மையிலேயே அபாரமான வேலை. ஆனால் 4 கிலோபைட் பெட்டியில் அதை ஏற்றினால் நம் நிரலுக்கு மிஞ்சுவது ஆயிரம் பைட்டுக்கும் குறைவு. விலையிலும் ஒரு கொக்கி இருந்தது. மிட்ஸின் நினைவகப் பலகையோடு வாங்கினால் மலிவு. தனியாக வாங்கினால் பல மடங்கு. அந்தப் பலகையோ சொன்னேனே, நம்பி வாங்கக்கூடியதாக இல்லை.

இந்த இடத்தில் பாப் ஆல்பிரெக்ட் வருகிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியைக் கொண்டுபோவதே வாழ்க்கை என்று இருந்தவர். 1972 முதல் மென்லோ பார்க்கிலிருந்து 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்று ஒரு செய்தித்தாளை நடத்திவந்தார். கம்பெனி என்று பெயரே தவிர வணிகம் எதுவும் இல்லை. ஆல்டேரைக் கண்டதும் அவருக்கு எழுந்த கேள்வி: பிள்ளைகளுக்கு இதில் ஒரு குட்டி பேசிக் கிடைக்குமா? ஸ்டான்ஃபோர்டில் கற்பித்துக்கொண்டிருந்த டென்னிஸ் ஆலிசனிடம் கேட்டார். ஆலிசன் நிரலை எழுதித் தரவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எழுதினார். 1975 மார்ச் இதழில் தொடங்கி, 'உங்கள் பேசிக்கை நீங்களே கட்டுங்கள்' என்ற பொருளில் தொடர் கட்டுரைகள் வந்தன. ஏழு வயதுக் குழந்தையாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள், தசமமும் சைனும் உங்களுக்கு எதற்கு என்று வாசகரிடம் கேட்டது அந்த இதழ்.

அந்தக் கேள்வியே 'டைனி பேசிக்' என்ற இந்தக் குட்டி மொழியின் வடிவத்தைத் தீர்மானித்தது. முழு எண்கள் மட்டும், அதுவும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரை. மாறிகள் ஏ முதல் இசட் வரை இருபத்தாறே. சொற்சரங்களைச் சேமிக்க முடியாது. பிரின்ட், இன்புட், லெட், இஃப், கோடூ, கோசப் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள். ஆலிசன் இன்னொரு யோசனையும் சொன்னார். பேசிக்கைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை நேரடியாக இயந்திர மொழியில் எழுதாமல், அதற்கென்றே மிகச் சிறிய இடைமொழி ஒன்றை வகுத்து அதில் எழுதலாம். வேறு சில்லுக்கு மாற்ற வேண்டுமானால் அந்த இடைமொழியை நிறைவேற்றும் சிறு பகுதியை மட்டும் புதிதாக எழுதினால் போதும். வேகம் குறையும். ஆனால் இன்டெல் 8080, மோட்டோரோலா 6800 என்று ஆளுக்கொரு சில்லு வைத்திருந்த கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

கட்டுரையைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. டெக்சாஸின் டைலர் நகரிலிருந்து டிக் விப்பிள், ஜான் ஆர்னால்டு இருவரும் 1975 டிசம்பரில் கடிதம் எழுதினார்கள்: எங்களுடையது ஓடுகிறது. சுமார் 3 கிலோபைட்டில், ஆலிசன் கேட்காத ஃபார்-நெக்ஸ்ட் சுழலும் அணிவரிசையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். முழு நிரலையும் எட்டடிமான எண்களாக அச்சிட்டு வெளியிட வேண்டும். செய்தித்தாளில் இடம் ஏது? மூன்றே இதழ்களோடு முடிந்துவிடும் என்ற எண்ணத்தில் 1976 ஜனவரியில் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியினர் தனி வெளியீடு ஒன்றைத் தொடங்கினார்கள். டென்னிஸிலும் பாபிலும் பாதிப் பாதி எடுத்து 'டாப்' என்று ஒரு கற்பனை மருத்துவரை உண்டாக்கி, அவர் பெயரில் வைத்த இதழ் அது. ஜிம் வாரன் ஆசிரியரானார். மூன்று இதழோடு நிற்கவில்லை. 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' பல பத்தாண்டுகள் நிரலாளர்களின் இதழாக வாழ்ந்தது.

பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முந்தைய கோடையில் பாலோ ஆல்டோவில் மிட்ஸ் நடத்திய செயல்விளக்கத்தில் பேசிக் இருந்த காகித நாடா ஒன்று காணாமல் போயிருந்தது. கிளப்பில் அதன் பிரதிகள் கைமாறின. ஒன்றை எடுத்துப்போகிறவர் இரண்டு பிரதி எடுத்துக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட கடிதத்தில், ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்குக்குப் பணம் தரவில்லை, எங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை, காசில்லாமல் யார் தரமான வேலை செய்வார்கள் என்று இருபது வயது கேட்ஸ் கேட்டார். அவருடைய வருத்தத்தில் நியாயம் இருந்தது. உழைத்தவருக்குக் கூலி வேண்டும்.

ஆனால் டைனி பேசிக் அந்தக் கடிதத்துக்குப் பதிலாகக் கிளம்பியது என்று பலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தேதிகளைப் பாருங்கள். ஆலிசனின் முதல் கட்டுரை கடிதத்துக்குப் பதினொரு மாதம் முந்தியது. டைலர் நகரத்து நிரல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் பிறந்த மொழியாக இருந்திருந்தால் கேட்ஸின் பேசிக்கோடு போட்டியிடும் அளவுக்கு அதைப் பெரிதாக்கியிருப்பார்கள். இது சிறியதாக இருப்பதற்கென்றே, பிள்ளைகளுக்காகப் பிறந்தது. அதன் வெற்றி கேட்ஸின் கேள்விக்குப் பதிலாக அமைந்தது பிற்பாடு நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஜிம் வாரன் கணினி அறிஞர்களின் இதழ் ஒன்றில் எழுதினார்: மென்பொருள் இலவசமாகவோ, பிரதி எடுப்பதைவிட வாங்குவது சுலபம் என்னும்படி மலிவாகவோ இருந்தால் அதை யாரும் திருடமாட்டார்கள். டாம் பிட்மன் இதைச் செய்தே காட்டினார். ஆலிசனின் இடைமொழி வழியில் 6800 சில்லுக்கு எழுதிய தன் டைனி பேசிக்கை ஐந்து டாலருக்கு விற்றார். மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

1976-இன் நடுவில் பார்த்தால் டென்வரிலிருந்து ஒரு டைனி பேசிக், பள்ளி மாணவர் ஒருவர் எழுதிய மினால் என்று ஒன்று, இப்படி அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. பலவும் மூலநிரலோடு அச்சில் வந்ததால் ஆர்வலர்கள் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எது எத்தனை பைட், எதில் அணிவரிசை உண்டு, எது வேகம், எதை என் பெட்டிக்கு மாற்றுவது எளிது. திறந்த மூல மென்பொருள்களை இன்று ஒப்பிடுகிறவர்கள் கேட்பவையும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். இந்த ஒப்பீட்டில் தனித்து நின்றது லி-சென் வாங் எழுதிய 'பாலோ ஆல்டோ டைனி பேசிக்'. 1976 மே மாத டாப்ஸ் இதழில் வந்தது. அளவு 1.77 கிலோபைட்.

எப்படி இவ்வளவு சுருங்கியது? வாங் இடைமொழியை விட்டுவிட்டு நேராக 8080-இன் மொழியில் எழுதினார். அந்தச் சில்லில் ஒரு துணைநிரலை அழைக்க மூன்று பைட் ஆகும். ஆனால் நினைவகத்தின் தொடக்கத்தில் உள்ள எட்டுக் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் ஒரே பைட்டில் தாவும் சிறப்புக் கட்டளைகள் உண்டு. அடிக்கடி தேவைப்படும் வேலைகளை, ஒரு கோவையின் மதிப்பைக் கணிப்பது, அடுத்த எழுத்தைச் சோதிப்பது போன்றவற்றை, வாங் அந்த இடங்களில் குடியேற்றினார். அழைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பைட் மிச்சம். பிழைச் செய்திகளையும் மூன்றாகக் குறைத்தார். சொன்னது புரியவில்லை என்றால் 'வாட்?'. புரிகிறது, செய்ய வழியில்லை என்றால் 'ஹவ்?'. இடம் போதவில்லை என்றால் 'சாரி'. குழந்தையோடு பேசும் மொழிக்கு இதைவிட அழகான பிழைச் செய்திகளை நான் பார்த்ததில்லை. பதிப்புரிமை வரி வரவேண்டிய இடத்தில் 'காப்பிலெஃப்ட்' என்று எழுதி, தவறுகள் அனைத்தும் காக்கப்பட்டவை என்று போட்டார். அதற்குச் சட்ட பலம் ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்லுக்குச் சட்டப் பொருள் தரும் உரிமங்கள் வரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் படித்தவர் அனைவருக்கும் புரிந்தது: எடுத்துக்கொள், மாற்று.

மாற்றத்தான் வேண்டியிருந்தது. அச்சில் வந்த பட்டியலை எண் எண்ணாகத் தட்டி ஏற்றும்போது ஓர் இலக்கம் பிசகினால் முழுதும் குலையும். அச்சிலேயே பிழை இருந்தால் அடுத்த இதழில் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது தானே கண்டுபிடித்துக் கடிதம் எழுத வேண்டும். எல்லாம் சரியாக ஏறியபின்னும் கணினியோடு இணைத்த டெலிடைப் தட்டச்சுப்பொறி அசையாமல் கிடக்கும். காரணம் பெரும்பாலும் இணைப்புப் பலகை. ஓர் எழுத்து வந்திருக்கிறது என்பதைச் சில பலகைகள் ஒன்று என்ற பிட்டால் சொல்லும், சில பூஜ்யத்தால் சொல்லும். நுழைவாயில் எண்ணும் வேறுபடும். விலைக்கு வாங்கிய, உள்ளே பார்க்க முடியாத நிரலாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இங்கே உள்ளீடும் வெளியீடும் எந்த வரியில் என்பது அச்சில் கண்ணெதிரே இருந்தது. சில பைட்டுகளை மாற்றினால் போதும். தன் நினைவகப் பலகையைச் சில்லு சில்லாகச் சோதித்துப் பழகிய கைக்கு, மென்பொருளையும் அதே போலத் திறந்து பார்ப்பது இயல்பாக வந்தது. டைனி பேசிக்கைப் பெற்ற தாய் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்வேன்.

1977 ஆகஸ்டில் ரேடியோ ஷாக் கடைகள் டிஆர்எஸ்-80 என்ற கணினியை அறிமுகப்படுத்தின. திரையோடு சேர்த்து 599 டாலர். கிட் இல்லை, பற்றவைப்பு இல்லை, சொருகினால் ஓடும். அதை வடிவமைத்த ஸ்டீவ் லைனிங்கர் அதன் முதல்நிலை பேசிக்கை வாங்கின் நிரலை அடிப்படையாகக் கொண்டு அமைத்தார். ஆல்டேர் என்ற பெயரையே கேட்டிராத பிள்ளைகள் தப்பாக எதையோ தட்டியபோது, அவர்கள் வீட்டுத் திரையிலும் 'வாட்?' என்று வந்தது.

பிறகு 1985-இல் கார்டன் பிராண்ட்லி வாங்கின் அதே நிரலை மோட்டோரோலா 68000 சில்லுக்கு மாற்றி, நிரலின் முகப்பில் 1976 மே இதழின் பெயரைக் குறிப்பிட்டு, டாப்ஸ் இதழிலேயே வெளியிட்டார். அதிலிருந்து வந்த ஒரு வடிவம் இன்று ஆர்டுவினோ நுண்கணினிப் பலகைகளில் ஓடுகிறது. அதன் மூலநிரலின் மேற்பகுதியில் பிராண்ட்லியின் பெயர் இருக்கிறது. கோப்பு யாருக்கும் திறந்திருக்கிறது.