மாளிகையை விட்டு வெளியேறிய நூல்கள்: கல்கத்தா தேசிய நூலகத்தின் கட்டட வரலாறு

ஒரு நூலகத்தின் கட்டடம் பழையதாகிவிட்டது என்று சொல்லும்போது, விரிசல் விட்ட சுவரும் ஒழுகும் கூரையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கட்டடம் உறுதியாக நிற்கும்போதே நூலகம் அதற்குள் மூச்சுத் திணறத் தொடங்கிவிடுவதுண்டு. இந்தியாவின் தேசிய நூலகம் ஏறத்தாழ 170 ஆண்டுகளில் கடந்துவந்த கட்டடங்களின் கதை இதற்குச் சான்று.

அந்தக் கதை 1836-இல் கல்கத்தா பொது நூலகத்தோடு தொடங்குகிறது. அது அரசு நிறுவனம் அன்று; பங்குதாரர்களின் பணத்தில் நடந்த நூலகம். அதன் முதல் பங்குதாரர் துவாரகாநாத் தாகூர். ஃபோர்ட் வில்லியம் கல்லூரியின் நூலகத்திலிருந்து 4,675 நூல்கள் அதற்கு மாற்றப்பட்டன. எஸ்பிளனேடு பகுதியில் ஸ்டிராங் என்னும் மருத்துவரின் இல்லத்துக் கீழ்த்தளமே முதல் இருப்பிடம். 1841-இல் ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்குக் குடிபெயர்ந்த நூலகம், 1844-இல் ஹூக்ளிக் கரையில் எழுந்த மெட்காஃப் மண்டபத்தை அடைந்தது.

1835-இல் இந்திய இதழ்கள் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கிய சார்லஸ் மெட்காஃபின் நினைவாக எழுப்பப்பட்டது அம்மண்டபம். கிரேக்க பாணியிலான 30 பெருந்தூண்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. அந்த மண்டபமும் நூலகத்துக்கு முழு உரிமையாகவில்லை. வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தோடு அதைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. வங்க உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவரான பியாரி சந்த் மித்ரா நூலகராகப் பணியாற்றிய காலம் அது.

அரசுச் செயலகத் துறைகளின் நூலகங்களை ஒன்றிணைத்து 1891-இல் இம்பீரியல் நூலகம் உருவாயிற்று. ஆனால் அதைப் பயன்படுத்தும் வாய்ப்புப் பெரும்பாலும் உயர் அலுவலர்களுக்கே இருந்தது. நலிந்துகொண்டிருந்த பொது நூலகத்தையும் இதனையும் இணைக்க முற்பட்டார் கர்சன் பிரபு. பங்குதாரர்களின் உரிமையும் தோட்டக்கலைச் சங்கத்தின் உரிமையும் விலைக்கு வாங்கப்பட்டன. 1903 ஜனவரி 30 அன்று மெட்காஃப் மண்டபம் இம்பீரியல் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதல் நூலகர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜான் மக்ஃபர்லேன். அவருக்குப்பின் 1907-இல் வந்தவர் பன்மொழிப் புலமைக்குப் பெயர்பெற்ற ஹரிநாத் தே.

இருபது ஆண்டுகளில் நூலகம் மீண்டும் இடம்பெயர்ந்தது. 1923-இல் அது எஸ்பிளனேடில் இருந்த அரசுச் செயலகக் கட்டடம் ஒன்றுக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போர் அந்தக் கட்டடத்தைப் பறித்துக்கொள்ள, நூல்கள் ஜபாகுசும் இல்லம் என்னும் தனியார் கட்டடத்துக்குப் போயின. போர் முடிந்தபின் பழைய இடத்துக்குத் திரும்பின.

விடுதலைக்குப்பின் 1948-இல் சட்டத்தின் வழியே நூலகத்தின் பெயர் தேசிய நூலகம் என மாறியது. அதற்கு வாய்த்த இல்லம் அலிப்பூரிலுள்ள பெல்வெடேர் மாளிகை. வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரோடு இணைந்த மாளிகை அது. 1780-இல் அவருக்கும் ஃபிலிப் ஃபிரான்சிஸுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்தது அதன் அருகில்தான். பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வங்காளத்தின் துணை ஆளுநர்கள் அங்கே வாழ்ந்தனர். ஆட்சியாளர் விருந்தளித்த கூடத்தில் இனி யாரும் அமர்ந்து படிக்கலாம் என்பது புதிய குடியரசின் பெருமிதமாக இருந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். தேசிய நூலகத்தின் முதல் நூலகர் பி.எஸ். கேசவன்.

அந்தப் பெருமிதத்துக்கு விரைவிலேயே ஒரு பெரும் சோதனை வந்தது. நூல் வழங்கல் சட்டம் 1954-இல் நிறைவேறியது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பதிப்பாளர் தம் செலவில் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது அச்சட்டம். 1956-இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஆங்கில நூல்களே பெரும்பாலும் நிறைந்திருந்த ஒரு நிறுவனத்தின் வாயிலில் தமிழும் அசாமியமும் மலையாளமும் குஜராத்தியும் சம உரிமையோடு வந்து நின்றன. நூலகத்துக்குள் மொழிவாரிப் பிரிவுகள் வளர்ந்தன. இவற்றோடு பெருங்கொடைகளும் சேர்ந்தன. அசுதோஷ் முகர்ஜியின் 80,000-க்கும் மேற்பட்ட நூல்கள் 1949-இலேயே கொடையாகக் கிடைத்திருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் தொகுப்பும் கல்கத்தாவுக்கே போய்ச் சேர்ந்தது. தமிழாய்வாளர் தேடும் அரிய பதிப்புகள் சில இன்றும் ஹூக்ளிக் கரை நகரில் இருப்பதன் காரணம் இதுவே.

மாளிகைகள் மனிதரின் பாரத்தைக் கருதிக் கட்டப்படுபவை. நூலோ கனமான பொருள். இன்றைய இந்தியத் தரக்குறிப்புகளின்படி, நூலடுக்கு அறையின் தளம் குடியிருப்பு அறையின் தளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். உயர்ந்த கூரையும் அகன்ற சாளரமும் வங்காளத்து வெயிலில் வாழ்ந்த ஆளுநர்களுக்கு இதமளித்தன. அவற்றின் வழியே வந்த ஈரமும் ஒளியும் தாளுக்குப் பகையாயின. விருந்துக்கூடத்தின் நடுவே எத்தனை அலமாரிகளை நிறுத்தினாலும் அது நூலடுக்கறை ஆகிவிடாது. வளாகத்தில் இணைப்புக் கட்டடம் எழுந்தபோதும், செய்தித்தாள் வாசிப்பறை நெடுங்காலம் எஸ்பிளனேடிலேயே இயங்கியபோதும், நெருக்கடி தள்ளிப்போயிற்றே தவிரத் தீரவில்லை.

தீர்வு மாளிகைக்கு வெளியே பிறந்தது. அதே வளாகத்தில், நூல்களுக்கென்றே திட்டமிட்ட புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் பாஷா பவன், அதாவது மொழி இல்லம். அரை நூற்றாண்டாக நூலகத்தை உள்ளிருந்து விரித்தவை இந்திய மொழிகளே என்பதால் அந்தப் பெயர் மிகப் பொருந்தும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நூல்கள் அங்கே குடிபுகுந்தன. மாளிகை வெறுமையானபின் அதன் சீரமைப்பு இந்தியத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

சீரமைப்பின்போது 2010-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. தரைத்தளத்தில் வாயிலோ சாளரமோ இல்லாத, ஏறத்தாழ 1,000 சதுர அடிப் பகுதி ஒன்று இருப்பது தெரியவந்தது. புதையல் அறை என்றும் சித்திரவதைக் கூடம் என்றும் செய்திகள் பரவின. துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது மண். கட்டடத்துக்கு வலுவூட்டவே அப்பகுதி மண்ணால் நிரப்பப்பட்டிருக்கலாம் என்பதே முடிவு. புதையலை எதிர்பார்த்தோருக்கு அது ஏமாற்றம். ஆனால் கட்டட வரலாற்றை அறிய விழைவோருக்கு அந்த மண்ணும் ஓர் ஆவணம். ஒரு மாளிகை எதைத் தாங்க எவ்வாறு ஆயத்தமாக்கப்பட்டது என்பதற்கான தடயம்.

நூல்கள் மாளிகைக்குள் இருந்திருந்தால் இந்தத் துளையை இடுவதே அரிதாகியிருக்கும். பழைய கட்டடத்தைப் பாதுகாப்பது ஒரு பணி. நூலகத்தை விரிவாக்குவது வேறொரு பணி. முன்னது எதையும் மாற்றாமல் காக்க முயல்கிறது. பின்னது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இடம் கேட்கிறது. நூலகத்தை வளரும் உயிராகக் கண்ட எஸ்.ஆர். ரங்கநாதன் அதை நூலகவியலின் ஐந்தாம் விதியாகவே 1931-இல் வகுத்தார். வளரும் உயிரையும் மாறாத சுவரையும் ஒரே திட்டத்தில், ஒரே நிதியில் கட்டிப்போடும்போது பெரும்பாலும் சுவரே வெல்கிறது. முகப்பு பளபளக்கும், நூல்கள் மூட்டைகளாகக் கிடக்கும்.

இந்திய நகரங்கள் பலவற்றில் நூறாண்டு கடந்த நூலகக் கட்டடங்கள் இன்று சீரமைப்புக்குக் காத்திருக்கின்றன. அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் காப்பது கடமை. ஆனால் அடுத்த 50 ஆண்டுகளில் வரப்போகும் நூல்கள் எங்கே நிற்கும் என்னும் கேள்விக்கு விடை கண்டபின்பே வண்ணப்பூச்சைப் பற்றிப் பேச வேண்டும். கல்கத்தாவில் அந்த விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. விரிவாக்கம் வென்றதா என்பதை அறியத் திறப்புவிழாக் கல்வெட்டைப் படித்துப் பயனில்லை; வாசகர் எழுதிக் கொடுத்த நூல் சீட்டு உள்ளே போய், நூல் அவர் மேசைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பார்த்தால் போதும்.