கரவெட்டியில் மகப்பேறு: வழக்கிலிருந்து சான்றுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டி போன்ற ஊர்களில், வைத்தியசாலைகள் பெருகுவதற்கு முன்னர், பிரசவம் என்பது வீட்டின் ஓர் அறைக்குள் மருத்துவிச்சியின் கையில் நடந்து முடிந்த காரியமாகவே இருந்தது. பாவட்டை, நொச்சி, வேம்பு முதலிய இலைகளை அவித்த நீரில் தாயை வேது குளிப்பாட்டுவதும், சரக்கு அரைத்துப் பத்தியக்கறி கொடுப்பதும், முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழிப்பதும் அவ்வழக்கின் பகுதிகளாகும். பெற்றவளுக்கு ஓய்வும் சத்தான உணவும் வேண்டும் என்பதை அந்த வழக்கு நன்கு அறிந்திருந்தது. ஆனால் கழுவாத கையும் தூய்மையற்ற கருவியும் தாய்க்குப் பேற்றுக் காய்ச்சலையும், கொப்பூழ்க்கொடியின் வழியாகச் சிசுவுக்கு ஏற்புவலியையும் கொண்டுவரும் என்பது கண்ணுக்குப் புலப்படாத செய்தியாகவே இருந்தது.

அதே அறியாமை ஐரோப்பாவின் பெரிய வைத்தியசாலைகளிலும் நிலவியது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிண அறுவை செய்துவிட்டு வரும் மாணவர்கள் பணியாற்றிய பிரசவ விடுதியில், மருத்துவிச்சிகள் பணியாற்றிய விடுதியைவிடத் தாய்மார் மிகுதியாக இறப்பதைக் கணக்கெடுத்து ஒப்பிட்டு, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டளவில் இருந்த இறப்பு, சில மாதங்களில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு, பிரசவ மருத்துவ நூலொன்றையும் 1857இல் தமிழில் வெளியிட்டார். எனினும் ஆண் மருத்துவர் பேற்றறைக்குள் நுழைவதைச் சமூகம் எளிதில் ஏற்காத காலத்தில் நூல் மட்டும் போதவில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898இல் இணுவிலில் மக்லியட் வைத்தியசாலை எழுந்தபோதே அந்த அறிவு தாய்மாரை நேரே சென்றடையும் வழி திறந்தது.

அடுத்த திருப்பம் எண்ணிக்கையால் விளைந்தது. பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதலே சட்டமாயிருந்தமையால், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்னும் தாய்மரண வீதத்தை இலங்கையால் கணிக்க முடிந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடுவீடாகச் செல்லும் முறை நாடெங்கும் பரவியது. 1930களில் இரண்டாயிரத்துக்கும் மேலிருந்த அவ்வீதம், மலேரியாக் கட்டுப்பாடு, பெனிசிலின், குருதியேற்றம், இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியவற்றின் துணையோடு 1950களின் நடுப்பகுதியில் ஐந்நூறுக்கும் கீழே குறைந்தது. 1969 முதல் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி வழங்கப்பட்டமையால், முற்காலத்து வழக்கால் காக்க முடியாதிருந்த சிசுக்களும் காக்கப்பட்டனர்.

1985 முதல் ஒவ்வொரு தாய்மரணமும் கட்டாயம் அறிவிக்கப்பட்டு விசாரிக்கப்பட வேண்டியதாயிற்று. இவ்விசாரணை எவரையும் தண்டிப்பதற்கன்று. எங்கே தாமதம் நேர்ந்தது என்று கண்டறிவதற்கே உரியது. உதவி நாட முடிவெடுப்பதில் ஒன்றும், வைத்தியசாலையை அடைவதில் ஒன்றும், அங்கே உரிய சிகிச்சை பெறுவதில் ஒன்றுமாக மூவகைத் தாமதங்களை ஆய்வாளர் வகுத்துள்ளனர். கரவெட்டியிலிருந்து மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை சில கிலோமீற்றர் தொலைவிலேயே இருந்தாலும், போர்க்காலத்து ஊரடங்கு இரவில் இடுப்புவலி கண்ட பெண்ணுக்கு அந்தச் சிறு தூரமே இரண்டாவது தாமதமாக மாறக்கூடியதாயிருந்தது. குருதிப்பெருக்குக்கு உரிய மருந்து எதுவென்று அறிந்திருப்பதும், அது அவளை உரிய நேரத்தில் எட்டுவதும் வெவ்வேறான காரியங்கள் என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

ஆகவே மருத்துவ ஆய்வின் பயன் ஆய்விதழில் அன்றி, ஊர்தோறும் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாதின் பதிவேட்டிலேயே நிறைவுறுகிறது. கருவுற்ற ஒவ்வொருத்தியின் பெயரும் முற்கூட்டியே அதில் ஏறுவதாலும், அவளுடைய குருதியமுக்கமும் நிறையும் முறையாகக் குறிக்கப்படுவதாலும், ஆபத்து முற்றுமுன் அடையாளம் காணப்படுகிறது. தாய்மார் இன்றும் பெருந்தொகையாக இறக்கும் நாடுகளுக்கு இலங்கையின் அனுபவம் உணர்த்துவது இதுவே: இறந்தவளைக் கணக்கில் எடுத்து, அவள் ஏன் இறந்தாள் என்று தளராது கேட்கும் சமூகமே அடுத்தவளைக் காப்பாற்றுகிறது.