பற்றைக்குள் பிள்ளையைக் கூட்டிச் செல்லுமுன்

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் விடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மம்மா. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. பிறகு வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்த காலத்தில், காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் போவார். திரும்பி வரும்போது அவருடைய மடியில் முசுட்டை இலையும் சாரணையும் இருக்கும். அன்றைய மத்தியானக் கறி அதுதான்.

2009 இல் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். முகாம் கூடாரங்களுக்கு நடுவே வளர்ந்த பலருக்கு இந்தக் குளக்கட்டு நடை கிடைக்கவில்லை. மீள்குடியேறிய வளவுகளில் கதியால் வேலி இருந்த இடத்துக்குத் தகரம் வந்தது, பின்னர் மதில் வந்தது. வேலி போனபோது அதில் படர்ந்திருந்த முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை எல்லாம் சேர்ந்தே போயின. 2022 இல் எரிவாயுவும் மரக்கறியும் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது எங்கள் வீட்டில் மறுபடி இலைக்கஞ்சி காய்ச்சினோம். எந்த இலையைப் பிடுங்குவது என்று என் மருமகள் கேட்டபோதுதான், எனக்கே பாதிப் பெயர்கள் மறந்துவிட்டன என்பது தெரிந்தது.

பிள்ளைகளோடு இலை பறிக்கப் போக நினைப்பவர்கள், என்ன செடி என்பதைப் பார்க்க முன்னம் எந்த நிலம் என்பதைப் பார்க்க வேண்டும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் பல வருடங்களாகக் கண்ணிவெடி அகற்றப்பட்டு வந்திருக்கிறது. ஆனாலும் ‘துப்புரவாக்கிய காணி’ என்றால் அளந்து, எல்லை குறித்து, கையளிக்கப்பட்ட காணி மட்டும்தான். அதற்கு அடுத்த பற்றையும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை விழுந்திருக்கலாம், கறள் பிடித்திருக்கலாம், யாரும் கழற்றியும் போயிருக்கலாம். வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றியும் விடும். ஆகவே ஊர்ச்சனம் நாளாந்தம் புழங்குகிற ஒழுங்கை, வயல்வரம்பு, கோயில் வளவு, சொந்த வளவு, இவ்வளவும் போதும். பழைய பங்கர், மண் அணை, காவலரண் இருந்த இடங்களுக்குப் போகவே வேண்டாம். சந்தேகமான இடமென்றால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். அறியாத இரும்பையோ பளபளக்கும் பொருளையோ பிள்ளை கண்டால் தொடக் கூடாது. நின்ற இடத்திலிருந்து வந்த காலடி வழியாகவே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பொலிஸுக்கு 119. இந்தப் பாடத்தை வீட்டு முற்றத்தில் நடந்து காட்டிப் பழக்கிய பிறகே வெளிக்கிட வேண்டும்.

தொடக்கத்துக்கு ஐந்தாறு செடிகள் போதும். முசுட்டை இதய வடிவ இலையுள்ள கொடி. இளம் இலையை அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் வறை. தூதுவளைக்குத் தண்டிலும் இலையிலும் வளைந்த முள், ஊதாப் பூ, சிவப்புப் பழம். முள் குத்திய பிள்ளைக்கு அதன் அடையாளம் மறக்காது. வல்லாரை ஈர நிலத்தில் ஓடும். முடக்கொத்தானுக்குக் காற்றடைத்த பலூன் போன்ற காய். பிள்ளைகள் அதை நெற்றியில் அடித்து வெடிக்க வைப்பார்கள்.

சிறுகுறிஞ்சாவில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு இலையைச் சப்பிவிட்டு வாயில் சீனியைப் போடுங்கள், மண்ணைத் தின்றதுபோல இருக்கும். இலையிலுள்ள பொருள் நாக்கின் இனிப்புச் சுவையைச் சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. ஆனால் நீரிழிவுக் குளிசை எடுக்கும் பெரியவர்கள் இதை நம்பி மருந்தை விடவோ, வைத்தியரைக் கேட்காமல் சேர்த்து எடுக்கவோ கூடாது. சிறுநீரக நோயாளர்களும் எந்த மூலிகையையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இலைக்கஞ்சிக்கு இந்த இலைகளில் கிடைப்பதை இடித்துச் சாறு பிழிந்து வைத்து, அரிசி நன்றாக அவிந்து தேங்காய்ப்பாலும் விட்ட பிறகு கடைசியில் சாற்றை ஊற்றி இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். சாக்கடை ஓரத்துப் பொன்னாங்காணியும், களைநாசினி அடித்த வரம்பில் வளரும் எதுவும் சமையலுக்கு வேண்டாம்.

பழங்களில் பாலை, வீரை, நாவல், ஈச்சை. பாலை பழுக்கும் காலத்தில் கரடியும் அதைத் தேடி வரும் என்பதால் காட்டோரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாமல், வீதியோரம் விற்பவரிடம் வாங்குவதே நல்லது. வனத்திணைக்கள எல்லைக்கல்லுக்கு உள்ளே பறித்தால் வழக்கும் வரலாம்.

நஞ்சுச் செடிகளை நான் முதல் நாளே காட்டித் தருவேன். அவற்றில் கார்த்திகைப்பூவைப் பற்றிச் சொல்ல எங்களவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அது எங்களுக்கு வெறும் பூ இல்லை. பிள்ளைகளும் ஆசையோடு பறிப்பார்கள். ஆனால் அந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு மிக மோசம். கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி போல இருந்தால் அது கார்த்திகைச் செடி. அடியைக் கிண்டவே கூடாது.

மஞ்சள் அலரி விதை இதயத் துடிப்பைக் குழப்பும். குண்டுமணியை விழுங்குவதைவிடச் சப்புவது ஆபத்து, ஓடு உடைந்தால்தான் உள்ளே உள்ள நஞ்சு வெளிவரும். காட்டாமணக்கு விதை கச்சான் போல ருசிக்கும் என்பதால் கிராமத்துப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று கூட்டமாகவே வாந்தி எடுப்பார்கள். ஊமத்தை, காஞ்சுரை இரண்டையும் தூர நின்று காட்டினால் போதும். மழை விட்டபின் முளைக்கும் காளானைப் பிள்ளைகள் பிடுங்கக் கூடாது, பெரியவரே பிழை விடுகிற விடயம் அது.

எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: கையில் எடுக்கலாம், கசக்கி மணக்கலாம், பெரியவர் பார்க்க முன்னம் வாயில் வைக்கக் கூடாது. கசக்கிய பிறகு கை கழுவ வேண்டும், கண்ணைத் தேய்க்கக் கூடாது.

அப்படியிருந்தும் ஏதாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணியும் கொடுக்க வேண்டாம். வாயில் மிச்சமிருப்பதைத் துப்பவிட்டு, 1990 அம்புலன்ஸை அழையுங்கள் அல்லது கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போக வேண்டும். தின்ற செடியில் ஒரு கிளையை இலையும் காயுமாக முறித்து ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊருக்கு ஊர் செடியின் பெயர் மாறும். செடியைக் கண்டால் வைத்தியருக்கு விளங்கும்.