நெட் இல்லாத லேபுக்கு யார் வரப்போகிறார்கள்? - கர்னல் ஒட்டுகளின் கதை



இது கணினி பற்றிய கட்டுரைதான். ஆனால் பாதிக்கு மேல் வரலாறு, அதனால் மற்ற பிரிவு நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-)

எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணி பக்கம். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து கல்லூரிக்குப் போகிறவன் நான். எங்கள் லேபில் நாற்பது கணினிகள், நடுவில் ஒரு சர்வர். எல்லாவற்றிலும் 2015-இல் போட்ட டெபியன் 8 லினக்ஸ். கணினிகள் ஒன்றோடு ஒன்று கேபிளில் இணைந்திருக்கும், வெளியே இணையத்துக்கு மட்டும் வழி கிடையாது. பசங்க வீடியோ பார்க்கிறார்கள் என்று எப்போதோ பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்து ஸீட் நண்பன் "இங்க பாருடா" என்று திரையைக் காட்டினான். டாலர் குறி இருக்க வேண்டிய இடத்தில் '#' குறி நின்றது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். பாஸ்வேர்டு இல்லாமலே சர்வரில் ரூட் ஆகியிருந்தான்! எங்கள் எல்லோருடைய ரெக்கார்டு புரோகிராம்களும் அந்த சர்வரில்தான் இருந்தன. அவன் நினைத்தால் படிக்கலாம், திருத்தலாம், மொத்தமாக அழிக்கலாம். நல்லவன், எதுவும் செய்யவில்லை. சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவிடம் சொன்னோம். "நெட்டே இல்லையேப்பா, யார் வந்து என்ன பண்ணப் போறாங்க? அதனாலதான் அப்டேட்டே போடல" என்றார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வந்தவன் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

அவன் பயன்படுத்திய ஓட்டைக்கு 'டர்ட்டி கவ்' என்று பெயர். கர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. எந்தக் கோப்பை யார் தொடலாம் என்று முடிவு செய்யும் காவல்காரன். ஒரு கோப்பைப் படிக்க மட்டும் அனுமதி உள்ளவர் அதில் எழுத முயன்றால், கர்னல் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். அந்த நகல் எடுக்கும் நொடியில் சரியாகக் குழப்பிவிட்டால், எழுத்து அசலிலேயே விழுந்துவிடும். 2007 முதல் கர்னலில் இருந்த இந்த ஓட்டை 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. இதில் இன்னொரு வேடிக்கை. லினஸ் டோர்வால்ட்ஸ் இதே பிழையைப் பதினோரு வருடம் முன்பே ஒரு முறை சரிசெய்யப் பார்த்திருக்கிறார். ஐபிஎம்மின் பெரிய கணினி வகை ஒன்றில் அது சிக்கல் கொடுக்கவே அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஓட்டையைப் பயன்படுத்த இணையம் தேவையே இல்லை. லேபில் ஒரு சாதாரண கணக்கு இருந்தால் போதும்.

ஒட்டு என்ற பெயர் எப்படி வந்தது?

'பேட்ச்' என்றால் ஒட்டு. ஆரம்பத்தில் அது நிஜமாகவே ஒட்டுதான். 1944-இல் ஹார்வர்டு மார்க் 1 என்ற ராட்சசக் கணினிக்கு, துளையிட்ட காகித நாடாவில்தான் புரோகிராம் எழுதுவார்கள். தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடுவார்கள். கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி.

1985-இல் லாரி வால் (பிறகு பெர்ல் மொழியை உருவாக்கியவர்) 'பேட்ச்' என்றே பெயர் வைத்து ஒரு சின்ன புரோகிராம் வெளியிட்டார். பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். இணைப்புகள் மெதுவாகவும் செலவாகவும் இருந்த காலம் அது. 1991-இல் பிறந்த லினக்ஸ் கர்னல் வளர்ந்ததே இப்படி ஊர் ஊராகப் போய்வந்த வித்தியாசங்களால்தான்.

சிடி காலம்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. வந்தது என்றுதான் பெயர். கர்னலின் மூலநிரல் 1990-களின் கடைசியில் பத்து எம்பியைத் தாண்டிவிட்டது. 28.8 கேபிபிஎஸ் மோடத்தில், லைன் கட்டாகாமல் இருந்தாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு டெலிபோன் பில் வேறு. அதனால் பலருக்கு லினக்ஸ் வந்து சேர்ந்தது பிசி குவெஸ்ட் மாதிரியான பத்திரிகைகளோடு வந்த சிடியில்தான். அந்தக் காலத்தில் இந்தியாவில் லினக்ஸ் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் 'ஆஃப்லைன்' வாசிகள்தான்!

அரசும் இதே பாதையில் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நெட் இல்லாத வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. கணினியைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதற்கு ஒட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது உயிரோடு இருக்கும் வரைக்குமான வேலை. எங்கள் லேபில் நடக்காமல் போனது இந்த இரண்டாவது வேலைதான்.

இதற்கும் ஒரு தீர்வு நம் நாட்டுக்காரரிடமிருந்தே வந்தது. டெபியன் குழுவைச் சேர்ந்த ரித்தேஷ் ராஜ் சராஃப் 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்ற கருவியை எழுதினார். நெட் இல்லாத கணினியில் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எடுத்து, அதை பென் டிரைவில் நெட் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் தரவிறக்கி, திரும்ப வந்து நிறுவலாம். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போவது போலத்தான்.

நெட் இல்லாமலே வந்தவர்கள்

இனி அண்ணாவின் கேள்விக்கு வருவோம். நெட் இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்?

2008-இல் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய வலைக்குள்ளேயே ஒரு புழு புகுந்தது. மேற்காசியாவில் இருந்த ஒரு தளத்தில், ஒரு லேப்டாப்பில் யாரோ செருகிய பென் டிரைவ்தான் வாசல்.

2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் யுரேனிய ஆலையில் சுழலும் இயந்திரங்களைக் கெடுப்பதற்காக எழுதப்பட்டது. அதுவும் பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியது. அது அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து நின்றது இந்தியா.

2019-இல் நம் கூடங்குளம். செப்டம்பர் 4 அன்று சி.ஈ.ஆர்.டி.-இன் அமைப்பு ஒரு நச்சுநிரல் பற்றித் தகவல் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது, கட்டுப்பாட்டுக் கணினிகள் தனித்து இயங்குபவை, அவற்றைத் தாக்குவது சாத்தியமில்லை என்று அணுமின் நிலையத்திலிருந்து முதலில் அறிக்கை வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, நச்சுநிரல் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினி. உலை சம்பந்தப்பட்ட உள் வலை தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். இரண்டு அறிக்கையையும் சேர்த்துப் படித்தால் பாடம் ஒன்றுதான். தனித்து வைப்பது நிஜமாகவே காப்பாற்றும். ஆனால் "தனியாக இருக்கிறோம்" என்ற நினைப்பு மட்டும் காப்பாற்றாது. பக்கத்து அறை வரைக்கும் ஆள் வந்தாயிற்று.

ஆக, வெளியுலகத்துக்கு வழியே இல்லாத வலை என்று ஒன்று கிடையாது. பென் டிரைவ், புது பிரிண்டரோடு வரும் சிடி, ரிப்பேருக்குப் போய்வரும் கணினி, பக்கத்து ஸீட் நண்பன் என்று பத்து வழி இருக்கும். ஒட்டுகள் மட்டும்தான் வரக் காணோம்! நெட் உள்ள கணினி தானாக அப்டேட் ஆகிக்கொள்கிறது. நெட் இல்லாததுதான் வருடக்கணக்காகப் பழைய ஓட்டைகளோடு நிற்கிறது.

ஒட்டு சர்வரின் வேலை இந்த இடத்தில்தான். யார் கண்ணிலும் படாத பத்து வழிகளை மூடிவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த, சோதனை உள்ள ஒரே வழியாக ஆக்குவது.

நாங்கள் செய்தது

பழைய டெபியன் 8-க்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு பதிப்பைத் தாண்டி நேராக மேலே தாவவும் டெபியன் விடாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். அதனால் விடுமுறையில் எல்லாக் கணினிகளிலும் ஆதரவில் உள்ள பதிப்பைப் புதிதாகவே நிறுவினோம். பிறகு நூலகத்தில் நெட் உள்ள ஒரு கணினியில் 'ஆப்ட்-மிரர்' போட்டு, எங்களுக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கினோம். லேப் சர்வரில் அதைச் செருகி, நாற்பது கணினிகளும் அங்கிருந்தே ஒட்டுகளை வாங்கும்படி மாற்றினோம். மற்ற கணினிகளில் பென் டிரைவ் வேலை செய்யாதபடி நிறுத்தினோம்.

கொண்டுவந்த டிஸ்கை எப்படி நம்புவது? கர்னலின் தாய்வீடான கர்னல்.ஆர்க் தளத்துக்குள்ளேயே 2011 ஆகஸ்டில் யாரோ புகுந்துவிட்டார்கள். அப்போதும் மூலநிரலைத் தெரியாமல் மாற்றிவிட முடியவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'கிட்' வைத்திருந்த கணக்குக் குறியீடு காட்டிக்கொடுத்துவிடும். டெபியனிலும் 2007 முதல் கையெழுத்து சரிபார்ப்பு உண்டு. டிஸ்கை யார் சுமந்து வந்தாலும், கையெழுத்து பொருந்தாவிட்டால் நிறுவாது.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. இரண்டாவது வாரம் காலாவதி ஆகிவிட்டது என்று பிழைச்செய்தி! டெபியன் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பட்டியலுக்கு ஒரு வாரம்தான் ஆயுள். பழைய பட்டியலையே காட்டி யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தேதி சோதனையை அணைத்துவிடலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். வேண்டாம், திங்கட்கிழமை தோறும் டிஸ்க் கொண்டுவருவோம் என்று முடிவு செய்தோம். இரண்டு கணினிகளில் பேட்டரி செத்து கடிகாரம் பின்னால் போயிருந்ததால் அவை மட்டும் அடம்பிடித்தன. புது பேட்டரி போட்டதும் சரியாயிற்று.

கடைசியாக ரீபூட். புதுக் கர்னல் டிஸ்கில் இருந்தால் போதாது, கணினி அதில் ஓட வேண்டும். எம்.ஐ.டி. மாணவராக இருந்த ஜெஃப் அர்னால்டு, ஆட்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று ஒரு சர்வரின் ரீபூட்டைத் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஓடும்போதே கர்னலுக்கு ஒட்டுப் போடும் 'கேஸ்ப்ளைஸ்' அப்படித்தான் பிறந்தது. 2015-இல் வந்த லினக்ஸ் 4.0-இல் அந்த வசதிக்கான அடிப்படை கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் லேப் சாயங்காலம் பூட்டப்படுவதால் அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரே ஒரு கணினியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை எல்லாவற்றையும் ரீபூட் செய்கிறோம்.

எங்கள் திருத்தணி மலைக்கு கார் ரோடும் உண்டு, 365 படிகளும் உண்டு. ரோடு இல்லாதவன் படியேற வேண்டியதுதான். கோயிலுக்கே போக வேண்டாம் என்று இருந்துவிட முடியாதே!

இப்போது சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. டிஸ்க் கொண்டுவந்த தேதி, கொண்டுவந்தவர், ஓடும் கர்னலின் எண் என்று மூன்று கட்டங்கள். போன மாதம் அந்த நண்பன் பழைய வித்தையை மறுபடி ஓட்டிப் பார்த்தான். டாலர் குறி அசையவில்லை. திங்கட்கிழமை டிஸ்க் தூக்கும் வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான் :-)