வெள்ளித்திரை ஏறிய சிலம்பம்

சிலம்பு என்னும் சொல்லுக்கு மலை என்றும் ஒலி என்றும் நம் முன்னோர் பொருள் கண்டனர். காற்றைக் கிழித்துச் சுழலும் கோலின் ஓசை மலைச்சாரலில் மோதி எதிரொலித்தமையால் சிலம்பம் எனப் பெயர் வந்தது என்பாரும் உளர். அது எவ்வாறாயினும், தேவிகுளம், பீர்மேட்டு மலைத் தோட்டங்களில் வாழும் நமக்கும், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கும் அப்பெயர் வெகு பொருத்தமாகவே தோன்றும்.

பாளையக்காரர் போர் முடிந்த 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் தென்னாட்டு மக்களின் படைக்கலங்களைக் களையலாயினர். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டை இந்தியா முழுமைக்கும் இறுக்கியது. வாளும் வேலும் பரணில் ஏறின. ஆனால் மாடு மேய்ப்போன் கையிலும் வழிநடைப் பயணியின் தோளிலும் கிடக்கும் மூங்கிற் கோலை எந்தச் சட்டம் பறிக்கவல்லது? 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், காடழித்துத் தோட்டம் சமைக்க மலையேறிய நம் பாட்டன்மாருடன் அக்கோலும் ஏறிற்று. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியோருடன் கடலும் கடந்தது.

இக்கலை திரைக்கு வந்த கதைக்கும் நம் பாலக்காட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1917-இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனின் அன்னையார் சத்தியபாமா, கொல்லங்கோட்டை அடுத்த வடவன்னூரைச் சேர்ந்தவர். தந்தையை இழந்து கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்த அச்சிறுவர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்நாளைய பாலர் நாடகக் குழுக்களில் பாட்டும் வசனமும் மட்டுமன்றி, உடலை வளைக்கும் வித்தையும் கற்க வேண்டியிருந்தது. கோவையில் தேகப்பயிற்சியில் தேர்ந்து விளங்கிய சாண்டோ சின்னப்பா தேவரின் நட்பு பின்னர் வாய்த்தது. 1904-இல் இந்தியாவுக்கு வந்த யூஜின் சாண்டோ என்னும் மேனாட்டு மல்லரின் பெயரைத் தம் பெயருக்கு முன் சூடிக்கொண்ட தேவர், 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தைத் தயாரித்தார்.

‘மந்திரி குமாரி’ (1950), ‘மர்மயோகி’ (1951) முதலிய படங்களின் வாட்போரில் மேனாட்டுப் படங்களின் சாயல் மிகுதி. அதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கலை அப்படித்தான் பரவும். எனினும் ‘பெரிய இடத்துப் பெண்’ணில் (1963) அவர் சிலம்பம் எடுத்தபோதும், ‘ரிக்சாக்காரன்’ (1971) படத்தில் ரிக்சாவை விட்டு இறங்காமலே கோல் சுழற்றியபோதும், கொட்டகையில் எழுந்த ஆரவாரத்தின் தன்மையே வேறு. அது தம் ஊர் வித்தையைத் திரையில் கண்ட மக்களின் ஆரவாரம். மலையாளத் திரையுலகும் வடக்கன் பாட்டுக் கதைகளை எடுத்து ‘உண்ணியார்ச்சா’ (1961), ‘தச்சோளி ஒதேனன்’ (1964) எனக் களரி வீரத்தைப் போற்றியது.

இவ்விடத்தே ஓர் ஒப்பு நோக்கு வேண்டும். ஆங்காங்கிலும் நாடகப் பள்ளியே திரைச் சண்டையின் தாய்வீடு. சீன இசைநாடகம் கற்பித்த யூ ஜிம் யுவென் என்பாரின் பள்ளியில் 1960-களில் பயின்ற சிறுவரே பிற்காலத்து ஜாக்கி சான். நம் பாலர் கம்பெனியும் அவர்தம் பள்ளியும் ஒரே மரத்தின் இரு கிளைகள் போன்றவை. ஆனால் விளைவு வேறாயிற்று. 1973-இல் புரூஸ் லீயின் ‘எண்டர் தி டிராகன்’ வெளிவந்தபின், குங்பூ என்னும் பெயரே உலகெங்கும் வழங்கலாயிற்று. பார்த்தவர் பயிலவும் புறப்பட்டனர். நம் திரையோ வீரனைப் புகழ்ந்தது, வித்தையைப் பின்னணியாக்கிற்று. எம்.ஜி.ஆரை ‘வாத்தியார்’ என்று அழைத்த இரசிகர் எத்துணையர்! அச்சொல் சிலம்ப ஆசானைக் குறிக்கவும் வழங்குவது என்பதை அவருள் நினைத்தவர் எத்துணையர்?

குங்பூவே காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் தந்தது என மேடையில் முழங்குவோர் உளர். 2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ அதனை மேலும் பரப்பியது. போதிதருமர் தென்னாட்டவர் எனச் சீன நூல்கள் சில கூறும். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய குறிப்பொன்றோ அவரைப் பாரசீகர் என்கிறது. அவரைத் தற்காப்புப் பயிற்சியோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டினது. பிறர் வித்தைக்கு உரிமை கொண்டாடுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும் நம் வித்தையின்பால் காட்டலாகாதா?

2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும் நம் லயங்களின் நிலை என்ன? மாரியம்மன் திருவிழாவில் கோல் எடுப்போர் பெரும்பாலும் நரைத்த தலையினர். பிள்ளைகள் கராத்தே வகுப்புக்குச் செல்கின்றனர். அதுவும் நல்ல கலையே. குறவஞ்சி, நாகம் பதினாறு, கள்ளர் பத்து என்னும் வரிசைகளின் காலடி வைப்பு ஏட்டைவிட ஆசான்களின் கால்களிலேயே மிகுதியாகத் தங்கியிருக்கிறது. நெற்றியுயரம் ஒரு மூங்கிற் கோலும், மாலையில் தோட்டத்து மைதானமும் இருந்தால் போதும், அவ்வாசான்கள் இன்றும் சொல்லிக்கொடுப்பர்.